நாலு மணிக்கே இருட்டும் நவம்பரில் ஐரோப்பாவின் எந்த ஊருக்குப் போகலாம்? வாசகர் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை என்றால் திருகோணமலையில் மாரி. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு ஓய்வு. பிள்ளைகளையும் உடன்பிறப்புகளையும் பார்க்க ஐரோப்பா வெளிக்கிடுகிறவர்கள் பலர் இந்த மாதங்களைத்தான் தெரிவு செய்கிறார்கள். அங்கே போய் ஒரு கிழமை ஆனதும், “சனி, ஞாயிறு எங்கேயாவது போய்வருவோம்” என்ற பேச்சு வரும். அதையொட்டி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நவம்பர் நடுப்பகுதியில் மியூனிக்கில் மகள் வீட்டில் நிற்போம். ஒரு சனி, ஞாயிறு எங்களைக் கூட்டிப்போக நினைக்கிறாள். ரோம், பிராக், வியன்னா மூன்றில் ஒன்றைச் சொல்லட்டாம். இவருக்கு முழங்கால் வருத்தம். படி ஏறுவது கஷ்டம். எது நல்லது?
— வாசகி, உவர்மலை

பதில்: வியன்னா. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். வேறு ஊர்களை மனதில் வைத்திருப்பவர்களும் இதே அளவுகோல்களைப் பயன்படுத்தலாம்.

நவம்பரில் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. வெளிச்சத்துக்கு மாற்று இல்லை. நம் ஊரில் வருடம் முழுவதும் காலை ஆறு, மாலை ஆறு என்று பழகிவிட்டோம். ஐரோப்பாவில் ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் (2026இல் ஒக்டோபர் 25). அதன்பின் மாலை சட்டென்று குறுகிவிடும். நவம்பர் 15 அளவில் கோப்பன்ஹேகனில் சூரியன் மறைவது மாலை 4 மணி. வியன்னாவிலும் பிராகிலும் சுமார் 4.15. ரோமில் 4.50, பாரிஸில் 5 மணி கழிந்து. ஸ்பெயினின் தெற்கே மாலாகாவில் மட்டும் 6 மணி தாண்டும். சனிக்கிழமை மதியம் போய் இறங்கினால் வியன்னாவிலும் பிராகிலும் அன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது நாலு மணித்தியால வெளிச்சம்.

அப்படியானால் இரண்டு வழிதான். ஒன்று, வெளிச்சம் நீளும் தெற்குக்குப் போவது. மற்றது, இருட்டினாலும் மழை பெய்தாலும் கூரைக்குக் கீழே இரண்டு நாளும் பார்க்க விஷயம் உள்ள ஊருக்குப் போவது. வியன்னா இரண்டாவது வகையில் முதலிடம். பிராகின் அழகு பெரும்பாலும் வெளியே இருக்கிறது: 516 மீற்றர் நீளமான சார்ல்ஸ் பாலம், பழைய சதுக்கம், மேட்டில் கோட்டை. எல்லாம் கல் பதித்த தெரு, ஈரத்தில் வழுக்கும், கோட்டைக்கு ஏற்றம். முழங்கால் வருத்தக்காரருக்கு அது தண்டனை. ரோமில் நவம்பர் மழை மாதங்களில் ஒன்று. தெருவில் பதித்திருக்கும் கறுப்புக் கற்கள் நனைந்தால் கால் நிலைக்காது. கொலோசியம் குளிர்காலத்தில் மாலை 4.30க்கே மூடிவிடும், கடைசி அனுமதி அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு. வத்திக்கான் அருங்காட்சியகமோ ஞாயிறுகளில் பூட்டு. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அன்றைய வரிசையில் உங்கள் கணவர் நிற்கக் கூடாது. ரோமுக்குப் போவதென்றால் வார நாட்களில், நாலு நாள் எடுத்துப் போங்கள்.

அடுத்தது வாசலிலிருந்து வாசல் வரையான நேரம். விமானம் ஒன்றரை மணித்தியாலம் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டிலிருந்து விமான நிலையம், இரண்டு மணித்தியாலம் முன்கூட்டி நிற்பது, இறங்கி ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால் ஐந்தரை ஆகும். மியூனிக் பிரதான நிலையத்திலிருந்து வியன்னாவுக்கு நேரடி ரயில் சுமார் நாலு மணித்தியாலம். ஏறினால் இறங்க வேண்டியதில்லை, கழிவறை உண்டு, கால் நீட்டலாம். முன்கூட்டி வாங்கும் மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும்; தவறவிட்டால் காசு போனதுதான். இருக்கை முன்பதிவு டிக்கெட்டோடு சேர்ந்து வராது, தனியாக வாங்க வேண்டும். அதை விட்டால் சனிக்கிழமை ரயிலில் நின்றுகொண்டு போக நேரிடும்.

மூன்றாவது, மூடும் நாட்கள். வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகம் இந்த மாதங்களில் திங்கட்கிழமை மூடும். அதற்கு எதிரே இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் செவ்வாய் மூடும். சனி, ஞாயிறு இரண்டுமே திறந்திருக்கும். ஷோன்புருன் அரண்மனை எல்லா நாளும் உண்டு. சனி மதியம் இறங்கியதும் பையை ஹோட்டலில் வைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ட்ராமில் ஏறி ரிங் வீதியைப் பாருங்கள். நாடாளுமன்றம், நகர மண்டபம், ஒபரா எல்லாம் இருந்த இடத்திலிருந்தே தெரியும். இருட்டியபின் கோப்பிக் கடை. வியன்னாவின் கோப்பிக் கடைகளில் ஒரு கோப்பியோடு எவ்வளவு நேரமும் இருக்கலாம், எழுப்பமாட்டார்கள். கோப்பியோடு ஒரு கிளாஸ் தண்ணீரும் தருவார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கலை வரலாற்று அருங்காட்சியகம். பீட்டர் ப்ரூகலின் ஓவியங்கள் உலகில் அதிகம் சேர்ந்திருப்பது அங்கேதான். 1565இல் அவர் வரைந்த பனிக்கால ஓவியத்தில் வேடர்கள் மூவர் நாய்களோடு களைத்துத் திரும்புகிறார்கள். கீழே பச்சையும் சாம்பலும் கலந்த உறைந்த குளத்தில் சனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். அந்த அறையில் நடுவில் இருக்கை உண்டு, அமர்ந்து பார்க்கட்டும். மேல்மாடிக்கு லிப்ட் இருக்கிறது. வாசலில் கேட்டால் காட்டுவார்கள்.

ஒஸ்ரியாவிலும் ஜேர்மனியிலும் ஞாயிறு கடைகள் பூட்டு. தண்ணீர், பழம், மருந்து எல்லாம் சனி மாலைக்குள் வாங்குங்கள். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. ஜேர்மனி கொடுத்த ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவானது) ஒஸ்ரியாவுக்கும் செல்லும், புதிய விசா வேண்டாம். ஆனால் திரும்பும்போது ஜேர்மன் எல்லையில் பொலிஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது வழக்கம். பாஸ்போர்ட்டின் போட்டோக்கொப்பி போதாது, அசல் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: மகன் பாரிஸில். எங்களுக்குப் பிரான்ஸ் விசா கிடைத்துவிட்டது. லண்டனில் தங்கச்சி இருக்கிறாள். ரயிலில் இரண்டேகால் மணித்தியாலம்தானாம். ஒரு சனி, ஞாயிறு போய்வரலாமா?
— வாசகர், சாம்பல்தீவு

பதில்: போக முடியாது. பிரித்தானியா ஷெங்கன் வலயத்துக்குள் இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். அயர்லாந்தும் அப்படியே. பிரித்தானிய விசா இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. உங்கள் ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் நுழைவுகளின் எண்ணிக்கை போட்டிருக்கும்: 01, 02, அல்லது மல்ட் (பல தடவை). 01 என்றால் லண்டனுக்குப் போன அந்த நிமிடமே விசா முடிந்தது. பாரிஸுக்குத் திரும்ப முடியாது, மகன் வீட்டில் இருக்கும் சூட்கேஸையும் எடுக்க முடியாது.

அதே ஸ்டிக்கரில் தங்கும் நாட்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்திலும், இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை என்பது வேறு கட்டத்திலும் இருக்கும். பலர் திகதியை மட்டும் பார்த்துவிடுகிறார்கள். எத்தனை நாள் நிற்கலாம் என்று கணக்கு வைப்பது நாட்களின் எண்ணிக்கையைத்தான்.

தங்கச்சியிடம் பிரித்தானியப் பாஸ்போர்ட் இருந்தால் அவரைப் பாரிஸுக்கு வரச் சொல்லுங்கள். குறுகிய பயணத்துக்கு அவருக்கு விசா வேண்டாம். ரயில் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து தமிழர் கடைத்தெருவான லா சப்பலுக்கு நடந்தே போகலாம். மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பகுதியில்தான். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய் மூடும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கள் மூடும். நவம்பரில் உங்களுக்கு உதவுவது லூவரின் வெள்ளி மாலை: இரவு 9 மணி வரை திறந்திருக்கும், இருட்டிய நேரம் வீணாகாது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவர் கட்டணம் 32 யூரோ. அதைக் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். சீசன் முடிந்ததும் சூரிச்சில் அண்ணா வீட்டுக்குப் போகிறோம். வெயில் உள்ள ஊராக, மலிவு விமானத்தில் போகக்கூடியதாக வேண்டும். லிஸ்பன் நல்லது என்கிறார்கள்.
— வாசகர், உப்புவெளி

பதில்: லிஸ்பன் அருமையான ஊர்தான், நவம்பரில் மட்டும் இரண்டாவது இடம். அங்கே அந்த மாதம் பெய்வது 120 மில்லிமீற்றர் அளவு. நம் ஊரில் நவம்பரில் 300 தாண்டுவதால் இது சின்னதாகத் தெரியலாம். மொத்த அளவைப் பார்க்காதீர்கள், மழை நாட்களைப் பாருங்கள். பாரிஸில் நவம்பர் மழை ரோமில் பெய்வதன் பாதியளவுதான், ஆனாலும் நாள் முழுக்கத் தூறித் தூறி வானம் மூடிக்கிடக்கும். ரோமில் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த நாள் வெயில் எறிக்கும். லிஸ்பனில் அத்திலாந்திக் காற்றோடு வரும் மழை இரண்டு நாளுக்கு நிற்காமலும் இருக்கும். தெருவெல்லாம் மேடு, நடைபாதையில் வழவழப்பான வெள்ளைக் கல். ஆனாலும் வாசனைத் திரவிய வணிகத்தின் வரிப்பணத்தில் 1501இல் தொடங்கிக் கட்டிய ஜெரோனிமோஸ் மடத்தை நம்மவர்கள் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் துறைமுகம் லிஸ்பன். அதற்கு ஏப்ரல், மே நல்லது. மடம் திங்கள் மூடும்.

நவம்பருக்கு மாலாகாவைச் சொல்கிறோம். பகலில் 20 பாகை அளவு, இரவில் 12. சூரிச்சிலிருந்து நேரடி விமானம் உண்டு, இரண்டரை மணித்தியாலம் தாண்டும். விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு ரயிலில் 12 நிமிடம்தான். ஒரு வார இறுதிப் பயணத்தில் இது பெரிய இலாபம். ஊர் தட்டை, அல்கசாபா கோட்டை மட்டும் ஏற்றம். பிக்காசோ பிறந்த ஊர், அவர் அருங்காட்சியகமும் நடக்கும் தூரத்தில். கடலில் குளிக்க எண்ணாதீர்கள்; தண்ணீர் 18 பாகை, நம் உடம்புக்குத் தாங்காது.

ஒரு எச்சரிக்கை: இலையுதிர் காலத்தில் ஸ்பெயினின் மத்தியதரைக் கரையோரத்தில் திடீர்ப் பெருமழை வரும். 2024 ஒக்டோபர் 29இல் வலென்சியாவில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தது அப்படியொரு மழையில். புறப்படும் முன் ஸ்பானிய வானிலை நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் குடையோடு போகலாம். செம்மஞ்சள் என்றால் திட்டத்தை மாற்றுங்கள். சிவப்பு என்றால் அறையை விட்டு வெளியே வராதீர்கள், ஆற்றுப் படுக்கைக்கும் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்கும் போகவே வேண்டாம்.

மலிவு விமானம் பற்றி. டிக்கெட் 25 யூரோ என்று போட்டிருப்பது பாதிக் கதை. முதலில் விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள். பிராங்பேர்ட் ஹான் பிராங்பேர்ட்டிலிருந்து 120 கிலோமீற்றர். பாரிஸ் போவே என்பது பாரிஸிலிருந்து 85. மிலான் பெர்கமோ 50. ஒஸ்லோ டோர்ப் 110. நடுராத்திரியில் இறங்கினால் அந்தத் தூரத்துக்கான பஸ்ஸும் இருக்காது. அடுத்தது பை. மலிவு டிக்கெட்டில் இருக்கைக்குக் கீழே வைக்கும் ஒரு சின்னப் பைக்குத்தான் அனுமதி. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு வேறு. ரயன்எயாரில் 40 x 30 x 20 சென்ரிமீற்றர், ஈஸிஜெட்டில் 45 x 36 x 20. குளிர்கால உடுப்போடு சாதாரணப் பள்ளிக்கூடப் பையே இந்த அளவை மீறிவிடும். தடித்த ஜக்கெட்டைப் பையில் திணிக்காமல் போட்டுக்கொண்டு ஏறுங்கள். வாசலில் பிடித்தால் பைக்கான கட்டணம் டிக்கெட்டை விடக் கூடும். செக்-இன் வீட்டிலிருந்தே செய்ய வேண்டும், விமான நிலையத்தில் செய்தால் தனிக் கட்டணம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். நம்மவர்களுக்குத் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப்போய்த்தான் வாசலில் பிரச்சினை வருகிறது.

ஞாயிறு இரவின் கடைசி விமானத்தில் திரும்ப வேண்டாம். நவம்பரில் சூரிச்சிலும் மிலானிலும் பனிமூட்டம் இறங்கினால் விமானம் நின்றுவிடும். வானிலையால் இரத்தானால் நட்டஈடு கிடைக்காது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் கொடுப்பது விமான நிறுவனத்தின் கடமை, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பிரான்ஸில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு ஸ்பெயினின் கிரனாடாவில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையைப் பார்க்கப் போகிறோம். ஹலால் சாப்பாடு, தொழுகை வசதி எப்படி? டிக்கெட் அங்கே போய் வாங்கலாமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: டிக்கெட்டை அங்கே போய் வாங்கலாம் என்று இருக்காதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணி விடுகிறார்கள்; நவம்பரில்கூட வார இறுதி முடிந்துவிடும். இணையத்தில் வாங்கும்போது ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் இலக்கமும் கேட்பார்கள், வாசலில் அதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் அப்படியே. டிக்கெட்டில் ஒரு நேரம் இருக்கும். அது நஸ்ரித் அரண்மனைக்குள் நுழையும் நேரம். அந்த அரை மணித்தியாலத்தைத் தவறவிட்டால் மற்றத் தோட்டம், கோட்டை எல்லாம் பார்க்கலாம், அரண்மனைக்குள் விடமாட்டார்கள். பிரதான வாசலிலிருந்து அரண்மனைக்கு நடக்கவே கால் மணித்தியாலம் வேண்டும். ஒக்டோபர் 15 முதல் மார்ச் கடைசி வரை காலை 8.30 முதல் மாலை 6 வரைதான். அரண்மனைக்குக் காலை 10 மணி அளவில் எடுங்கள். சிங்க முற்றத்தில் வெயில் விழும்போது பார்க்கலாம். ஏற்றத்தை நடக்க முடியாதவர்கள் ஊர் நடுவில் சீ 30 பஸ்ஸில் ஏறலாம்.

தொழுகைக்கு அல்பைசின் மேட்டில் 2003இல் திறந்த பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்திலிருந்து எதிரே அல்ஹம்ப்ரா முழுதாகத் தெரியும். நவம்பர் நடுவில் மஃரிப் 6 மணிக்குச் சற்று முன்பின். 1492 ஜனவரி 2 வரை முஸ்லிம் ஆட்சி நடந்த ஊர் என்பதால் பார்க்க நிறைய இருக்கிறது. கொர்தோபாவுக்கும் போவதென்றால் ஒன்றை முன்பே அறிந்து போங்கள்: 850க்கு மேற்பட்ட தூண்கள் உள்ள அந்தப் பழைய பள்ளிவாசல் இப்போது கத்தோலிக்கப் பேராலயம். உள்ளே தொழ அனுமதி இல்லை, காவலர்கள் தடுப்பார்கள்.

சாப்பாடு: எல்விரா தெருப் பக்கம் மொரோக்கோக்காரரின் ஹலால் கடைகள் உண்டு. மற்றக் கடைகளில் கவனம். பருப்பு, கீரை, அவரைக் கறியில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். நவம்பரிலிருந்து கடை நிறைய வைத்திருக்கும் பொல்வொரோன், மான்தெகாதோ என்ற மாச்சில்லுகள் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் செய்தவை. பெட்டியில் மான்தெகா தே செர்தோ என்ற எழுத்து இருக்கிறதா என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் பாருங்கள்.

கேள்வி: புடாபெஸ்டில் கன்னியா போல வெந்நீர் ஊற்று இருக்கிறதாமே? அம்மாவைக் கூட்டிப்போகலாமா?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: கன்னியாவில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். அங்கே கழுத்து வரை அமிழ்ந்து இருக்கிறார்கள். 1913இல் திறந்த செசேனி குளியலகத்தில் நிலத்தடியிலிருந்து 74 பாகைக்கு மேல் வரும் தண்ணீரை ஆற்றி, வெளியே உள்ள பெரிய குளத்தில் 38 பாகையில் விடுகிறார்கள். வெளியே 5 பாகைக் குளிர், மேலே ஆவி. நவம்பர்தான் இதற்குச் சரியான மாதம். 1896இல் ஓடத் தொடங்கிய பழைய நிலக்கீழ் ரயில் அதன் வாசலிலேயே நிற்கும். புகழ்பெற்ற கெல்லேர்ட் குளியலகம் திருத்த வேலைக்காக 2025 ஒக்டோபரில் மூடப்பட்டது, அதைத் தேடிப் போகாதீர்கள்.

ஆண், பெண் கலந்துதான் இறங்குவார்கள். சீலையோ பருத்திச் சட்டையோ போட்டு இறங்க முடியாது. முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை வாங்கினால் அம்மாவுக்குக் கூச்சம் இராது. துவாயும் ரப்பர் செருப்பும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். இரத்த அழுத்தம், இதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே இறங்க வேண்டும். மற்றவர்களும் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். எழும்பும்போது தலை சுற்றும், கம்பியைப் பிடித்து ஏறட்டும்.

ஹங்கேரியில் யூரோ இல்லை, போரிண்ட். காசு எடுக்கும் இயந்திரம் “யூரோவில் கணக்கிடவா” என்று கேட்டால் வேண்டாம் என்று போரிண்டையே தெரிவு செய்யுங்கள். யூரோவை அழுத்தினால் இயந்திரக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்று விகிதம் போடுவார்.

கேள்வி: ஒஸ்லோவில் நிற்கும்போது ஒரு சனி, ஞாயிறில் வடக்கே போய் வானத்தில் தெரியும் பச்சை ஒளியைப் பார்த்துவர முடியுமா?
— வாசகர், குச்சவெளி

பதில்: ஒரே வார இறுதியில் போனால் பார்க்காமல் திரும்பும் வாய்ப்புத்தான் அதிகம். வட நோர்வேயில் உள்ள ட்ரொம்சோவுக்கு ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு, அது சிக்கல் இல்லை. முகில்தான் சிக்கல். ஒளி மேலே இருந்தாலும் முகில் மூடினால் ஒன்றும் தெரியாது. நாலு இரவாவது ஒதுக்குங்கள். முகில் இல்லாத இடம் தேடி உள்நாட்டுப் பக்கம், சில வேளை பின்லாந்து எல்லை வரை கூட்டிப்போகும் பஸ் பயணத்தை முதல் இரவுக்கே பதியுங்கள். தவறினால் மற்ற இரவுகள் கையில் இருக்கும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிக்கவே உதிக்காது.

கேள்வி: நத்தார் சந்தை பார்க்க ஆசை. நவம்பர் கடைசியில்தான் ஜேர்மனியில் நிற்போம். திறந்திருக்குமா?
— வாசகி, பாலையூற்று

பதில்: திருவருகைக் காலத்தின் (நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறுகள்) முதல் ஞாயிறைக் கணக்குப் பாருங்கள், 2026இல் அது நவம்பர் 29. நூரன்பேர்க் சந்தை அதற்கு முந்திய வெள்ளி, அதாவது 27ஆம் திகதி மாலை திறக்கும். ஜேர்மனியில் மற்றவையும் பெரும்பாலும் அந்தக் கிழமையில்தான். இறந்தோரை நினைக்கும் ஞாயிறு (2026இல் நவம்பர் 22) கழியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதற்கு முன்னர் நிற்பதென்றால் வியன்னா நகர மண்டபச் சந்தை நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும்.

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் போவதென்றால் அங்கே அறை விலை அந்த வார இறுதிகளில் ஏறிவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜேர்மனியின் கேல் என்ற ஊரில் தங்கி ட்ராமில் போய்வாருங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சந்தையில் சூடான பானம் தரும் கோப்பைக்கு முற்பணம் எடுப்பார்கள், கோப்பையைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு மது சேராத கிண்டர்புன்ஷ் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கந்தசஷ்டி விரதத்தோடு போகிறோம். வீட்டிலிருந்து சாமான் கொண்டுபோகலாமா?
— வாசகி, திருக்கடலூர்

பதில்: இலங்கையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது இறைச்சியும் பால் பொருட்களும் தடை. நெய், பாற்கோவா இரண்டும் இதில் அடங்கும். கறிவேப்பிலை, பச்சை மரக்கறி, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி ஆகியவற்றுக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. மிளகாய்த்தூள், பருப்பு, பனங்கட்டி கொண்டுபோகலாம். விரதம் முடிந்தபின் வேண்டுமென்றால் கருவாடும் ஆளுக்கு 20 கிலோ வரை சட்டப்படி செல்லும். மணம் வெளியே வராமல் கட்டுவது உங்கள் பொறுப்பு.

வார இறுதிப் பயணத்துக்குச் சமைக்கும் வசதியுள்ள அறை எடுங்கள். ஹோட்டலில் சாப்பிடுவதென்றால் இத்தாலி சுலபம்: பீட்சா மரினாராவில் தக்காளி, உள்ளி, எண்ணெய்தான், சீஸ் இல்லை. ஒஸ்ரியா, செக், ஹங்கேரியில் மரக்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி அவித்த தண்ணீரில் செய்திருப்பார்கள். கேட்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: எந்த உடுப்பு எடுத்துப் போவது? இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா?
— வாசகர், மூதூர்

பதில்: சப்பாத்தும் மழை ஜக்கெட்டும் அங்கே வாங்குங்கள். இங்கே கிடைக்கும் தடித்த சுவெட்டர் ஒன்றைப் போட்டுப் போனால் வெளியே காற்று ஊடுருவும், ரயிலுக்குள் வியர்க்கும். மூன்று அடுக்கு வேண்டும்: உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடுப்பு, அதன்மேல் கம்பளி அல்லது பிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜக்கெட். உள்ளே பருத்தி பெனியன் போடாதீர்கள். வியர்வை அதில் ஊறி நின்று, வெளியே வந்ததும் உடம்பைக் குளிர்ப்படுத்தும். தலைக்குத் தொப்பி வந்துதான் ஆகவேண்டும். காற்றோடு பெய்யும் மழையில் குடை திரும்பிவிடும்.

பெரும்பாலானோர் பிழைவிடுவது சப்பாத்தில். கடையில் மெல்லிய காலுறையோடு போட்டுப் பார்த்து அளவாக வாங்கிவிடுகிறார்கள். பிறகு கம்பளிக் காலுறை போட்டதும் இறுகி, இரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோய் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். அரை அளவு பெரிதாக எடுங்கள். அடிப்பகுதி பள்ளம் விழுந்த ரப்பராக இருக்க வேண்டும். பயணத்துக்கு முன் வீட்டைச் சுற்றி மூன்று, நாலு நாள் போட்டு நடவுங்கள்.

கேள்வி: நவம்பரில் வெனிஸ் தண்ணீரில் மூழ்கும் என்கிறார்களே, போகலாமா?
— வாசகர், பாலையூற்று

பதில்: போகலாம். 2019 நவம்பர் 12இல் கடல் 187 சென்ரிமீற்றர் உயர்ந்து ஊரையே மூழ்கடித்தது உண்மை. 2020 ஒக்டோபர் முதல் மோசே என்ற தடுப்புக் கதவுகள் வேலை செய்கின்றன. 110 சென்ரிமீற்றர் அளவு உயரும் என்று எதிர்பார்த்தால் எழுப்பிக் கடலை மறிக்கிறார்கள். அதற்குக் குறைந்த உயரத்திலும் சென் மார்க் சதுக்கத்தில் தண்ணீர் ஏறும், ஏனென்றால் ஊரில் அதுதான் மிகத் தாழ்ந்த இடம். சில மணித்தியாலத்தில் வடிந்துவிடும். நகரசபையின் கடல்மட்ட முன்னறிவிப்பைக் காலையில் பார்த்து, உயரும் நேரத்தில் சதுக்கத்தைத் தவிர்த்தால் போதும். பகல் பயணிகளிடம் எடுக்கும் நுழைவுக் கட்டணம் இளவேனில், கோடைக் காலத்துக்கு உரியது, நவம்பரில் இல்லை. சில்லுவைத்த பெரிய சூட்கேஸ் வேண்டாம், பாலங்கள் எல்லாம் படி.

கத்தோலிக்கர் என்றால் நவம்பர் 21ஐ ஒட்டிப் போங்கள். 1630இல் வந்த கொள்ளைநோய் தணிந்ததற்கு நன்றியாகக் கட்டிய சலூத்தே ஆரோக்கிய மாதா ஆலயத்தின் திருநாள் அது. பெருங்கால்வாய்க்குக் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். ஊர்ச்சனம் முழுவதும் மெழுகுதிரியோடு அதில் நடந்துபோய் ஆலயத்தில் ஏற்றும். மெழுகுதிரி ஆலய வாசலில் விற்பார்கள். காலை வேளையில் நெரிசல் குறைவு.